ஐஸ்பெட்டியா, உலர்சாமானா: லங்காவியிலிருந்து காலிக்குப் படகில் என்ன ஏற்றுவது?

மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம் ஏறக்குறைய 1,200 கடல் மைல். மச்சானின் 36 அடிப் பாய்மரப் படகு சுமாரான காற்றில் மணிக்கு 5 கடல் மைல் வேகம் பிடிக்கும். நாளைக்கு 120 மைல் என்றால் பத்து நாளில் போய்விடலாம். காற்று விழுந்தால் பதின்மூன்று நாள்கூட ஆகும். ஏதாவது உடைந்துவிட்டால் கணக்கே கிடையாது. 5-ஆம் நூற்றாண்டில் ஜாவா பக்கமிருந்து சீனாவுக்குப் போன சீனத் துறவி பாஹியானின் கப்பலில் ஐம்பது நாளுக்குத்தான் உணவு இருந்தது. எழுபது நாள் தாண்டியும் கரை தெரியாமல், கடல்நீரில் சமைத்துச் சாப்பிட்டார்கள். நாங்கள் மூன்று பேர், இருபது நாளுக்கு ஏற்றுவது என்று முடிவு. சண்டை வராமல் முடிந்த ஒரே விஷயம் அதுதான்.

மற்ற எல்லாவற்றிலும் ஆளுக்கொரு கட்சி. படகு மச்சானுடையது, அவருக்கு ஐஸ்பெட்டி வேண்டும், அதில் கோழி வேண்டும். சித்தப்பா லூமுட் கடற்படைத் தளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடல்நீரை நல்ல தண்ணீராக்கும் மெஷின் வாங்கியே தீர வேண்டும் என்கிறார். நான் ஆயர் தாவாரில் அப்பாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் ஒரு சின்ன டவுன், அரை மணி நேரத்தில் கடல். அரிசி, பருப்பு, நெத்திலி என்று நான் சொன்னால், "கடைக்காரன் வியாபாரம் பேசுறான்" என்கிறார்கள். அதனால் மூன்று கட்சியையும் எழுதிவைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு உதவலாம்.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடலை மேற்கே கடக்க வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். ஜனவரி, பிப்ரவரி இரண்டும் நல்ல மாதங்கள். மே மாதத்துக்கு மேல் காற்று எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வங்கக் கடலில் புயல் வேறு. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக மச்சானுக்கு வேண்டுதல் இருக்கிறது, அது முடிந்த கையோடு கிளம்பினால் காலமும் சரியாக வருகிறது. திரிகோணமலை கொஞ்சம் கிட்டே. ஆனால் கிழக்குக் கரை அந்த மாதங்களில் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். காலி தெற்கே ஒதுங்கி இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டோம். எங்கள் தாத்தாக்களை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கொண்டுவந்த ரஜூலா கப்பல் 1926 முதல் ஓடிய கடல்தான் இது. நாங்கள் எதிர்த்திசையில் போகிறோம், அவ்வளவே. அவர்களுக்காவது நீராவிக் கப்பல் இருந்தது.

சாப்பாடு

நாலு வழி இருக்கிறது: ஐஸ்பெட்டி நிறைய இறைச்சி, டின் சாமான், உலர்சாமான், வெந்நீர் ஊற்றினால் சாப்பாடாகும் உறைஉலர் பாக்கெட். கடைசியை உடனே தள்ளிவிடலாம். எடையைக் குறைக்க வேண்டிய பந்தயப் படகுக்கு அது சரி. நமக்கு விலையும் அதிகம், ருசியும் ஒத்துவராது. அவசரப் பையில் நாலு பாக்கெட் போட்டு வைத்தால் போதும்.

ஐஸ்பெட்டியின் கதை மின்சாரத்தின் கதை. சுற்றிலும் கடல்நீர் 28, 29 டிகிரியில் இருக்கும்போது 12 வோல்ட் பெட்டி ஒரு நாளைக்கு 50 ஆம்பியர்-மணி அளவுக்கு இழுக்கும். மச்சானின் படகில் 200 வாட் சோலார் தகடு. நல்ல வெயிலில் அறுபதுக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கும். சரி, சமாளித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் தானியங்கிச் சுக்கான், இரவு விளக்கு, ரேடியோ எல்லாம் அதே பேட்டரியில்தான் சாப்பிடுகின்றன. இன்னொன்று, மேற்கே போகும் படகுக்கு வடகிழக்குக் காற்று வலது பின்பக்கத்திலிருந்து வரும். அப்போது பெரிய பாய் இடது பக்கம், அதாவது தெற்கே விரிந்து நிற்கும். பிப்ரவரியில் சூரியனும் தெற்கேதான். நாளின் பாதி நேரம் நம் பாயே தகட்டுக்கு நிழல் போடும். இதைக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் மச்சான் கொஞ்சம் யோசித்தார்.

மின்சாரம் போதாவிட்டால் படகின் டீசல் இன்ஜினை ஓட்டிச் சார்ஜ் ஏற்றலாம். ஆனால் மலாக்கா நீரிணையின் வடக்குப் பகுதியில் காற்றே இல்லாத நாள்கள் உண்டு, டீசலை அதற்காகத்தான் வைத்திருக்கிறோம். அதைக் கோழிக்குச் செலவழிக்க எனக்கு மனமில்லை. எல்லாவற்றையும்விட, நாலாம் நாள் கம்ப்ரசர் நின்றுபோனால் இருபது நாள் இறைச்சியையும் ஒன்றிரண்டு நாளில் சமைத்தாக வேண்டும். படகு ஆடிக்கொண்டிருக்கும்போது மூன்று பேர் உட்கார்ந்து எவ்வளவுதான் கோழிக்கறி சாப்பிடுவது? ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அது கெட்டுப்போன மறுநாள் சாப்பாட்டுக்கு என்ன வழி?

அந்தக் கேள்விக்கு டின் நன்றாகவே பதில் சொல்கிறது. மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், அடுப்புகூட வேண்டாம். நாளைக்கு இரண்டு டின் என்றால் இருபது நாளுக்கு நாற்பது. 425 கிராம் டின் என்றால் 17 கிலோ. பயந்த அளவுக்கு எடை இல்லை. சாடின் டின் தோட்டத்து வீடுகளுக்குப் புதிதா என்ன? மாதக் கடைசியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் கிண்டிய சாடின் பிரட்டலைச் சாப்பிடாதவர் இங்கே யாரும் இல்லை. ஆனால் அதையே இருபது நாள் சாப்பிட யாராலும் முடியாது. படகில் இன்னொரு தொல்லையும் உண்டு: டின்னில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிந்து அடித்தட்டுக்குப் போய், தண்ணீர் இறைக்கும் பம்பை அடைத்துவிடும். காகிதத்தை முன்பே உரித்துவிட்டு, அழியாத மையால் மூடியில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் சாடின் என்று திறப்பது லைச்சியாக இருக்கும்.

உலர்சாமான்தான் என் கட்சி. ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் அரிசி என்றால் மொத்தம் 18 கிலோ. துவரை, மைசூர்ப் பருப்பு, பச்சைப் பயறு, கடலை எல்லாம் சேர்த்து ஆறு கிலோ. நெத்திலி, புளி, வற்றல் மிளகாய், ஊறுகாய், அப்பளம். பங்கோர் தீவு பக்கத்திலேயே இருப்பதால் நெத்திலிக்குக் குறைவில்லை. விரதம், வெள்ளிக்கிழமை என்று மச்சான் சைவமாக இருக்கும் நாள்களுக்குப் பருப்பு இருக்கிறது. பச்சைப் பயறை ஈரத்துணியில் கட்டிவைத்தால் மூன்றாம் நாள் முளை வந்துவிடும், பத்தாம் நாளில் பச்சையாகக் கடிக்க அதுவாவது இருக்கும். சித்தப்பா வைட்டமின் சி என்று ஆரம்பித்தார். இருபது நாளில் யாருக்கும் ஸ்கர்வி வராது, அதற்கு மாதக்கணக்கு ஆகும். எலுமிச்சம்பழமும் இருக்கத்தான் போகிறது.

இதிலும் குறை உண்டு, மறைக்கக் கூடாது. உலர்சாமான் தண்ணீர் குடிக்கும், கேஸ் குடிக்கும். வீட்டில் அரிசியை மூன்று தடவை கழுவி ஊற்றுவோம். படகில் அது கட்டுப்படியாகாது. ஆழ்கடலுக்குப் போனபின் முதல் இரண்டு கழுவலைக் கடல்நீரில் முடித்துக்கொள்ளலாம். வேகவைக்கும் தண்ணீரில்கூட மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் சேர்த்தால் உப்புப் போட வேண்டாம். கருவாட்டையும் முதல் தடவை கடல்நீரிலேயே ஊறப்போடலாம். கருவாட்டின் உப்பு கடலின் உப்பைவிடக் கடுமையானது என்பதால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். குக்கர் இல்லாமல் பருப்பு வழிக்குப் போகவே கூடாது. கேஸ் பாதியாகக் குறையும். அலையில் சரிந்தாலும் மூடி கழன்று சுடுதண்ணீர் மேலே கொட்டாது. படகில் எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் ஒரு கேள்வியை மூன்று கட்சியும் மறந்திருந்தோம்: முதல் மூன்று நாள் யார் சமைப்பது? பெரிய அலைக்கு உடம்பு பழகும்வரை கீழே குனிந்து வெங்காயம் நறுக்கினாலே வாந்தி வரும். அந்த நாள்களில் கருவாடு பொரித்தால் மச்சான் என்னைக் கடலில் தள்ளிவிடுவார். ஆக, முதல் மூன்று நாளுக்குச் சமைக்காத சாப்பாடு வேண்டும். எண்ணெய் பிரியும்வரை கிண்டிய புளிக்காய்ச்சல், ஈரம் போக வதக்கிய நெத்திலிச் சம்பல், கிரீம் கிராக்கர், இஞ்சி மிட்டாய். வெந்நீர் மட்டும் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிவைத்தால் மைலோவும் கஞ்சியும் ஆகிவிடும்.

ரொட்டிக்கு சித்தியவானின் கொம்பியாவை யோசித்தோம். 1903-ல் இங்கே குடியேறிய பூச்சாவ் சீனர்கள் கொண்டுவந்தது. 16-ஆம் நூற்றாண்டில் சி ஜிகுவாங் என்ற மிங் தளபதியின் வீரர்கள் நடுவில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று ஒரு கதை. போருக்குப் போனது கடலுக்கும் போகும் என்று மச்சான் வாதாடினார். சுடச்சுட இருக்கும்போது எனக்கும் உயிர்தான். மறுநாள் கல். குழம்பில் முக்கிச் சாப்பிடுவதாக இருந்தால் ஒரு பை ஏற்றலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது.

கடைசியில் வந்த ஏற்பாடு இப்படி: அடித்தளம் உலர்சாமான், சமைக்க முடியாத நாளுக்கு டின், ஐஸ்பெட்டி சின்னதாக. கோழியை ஊறுகாய் பதத்தில் எண்ணெயில் வறுத்து ஐந்து நாளுக்கு மட்டும் உறையவைப்பது. பெட்டி நின்றால் இரண்டு வேளையில் தின்று தீர்த்துவிட்டுப் பருப்புக்கு மாறலாம். மச்சானுக்குக் கோழியும் கிடைக்கிறது, பேட்டரியும் தப்பிக்கிறது. தூண்டிலில் மீன் மாட்டினால் சந்தோஷம். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தண்ணீர்

இதில்தான் சித்தப்பாவோடு நீண்ட பேச்சு. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர். மூன்று பேர், இருபது நாள்: 240 லிட்டர். படகில் 120 லிட்டர் டேங்க் இரண்டு இருக்கின்றன. கணக்கு அப்படியே நேராகிறது, மிச்சம் என்று ஒரு சொட்டும் இல்லை.

சித்தப்பாவின் மெஷின் கடல்நீரை ஐம்பது, ஐம்பத்தைந்து பார் அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும். கடாடின் கம்பெனியின் 40ஈ என்ற சின்ன மாடல் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுத்து மணிக்கு ஐந்தரை லிட்டருக்கு மேல் கொடுக்கும். இரண்டே மணி நேரத்தில் ஒரு நாள் தண்ணீர் தயார். ஐஸ்பெட்டியோடு ஒப்பிட்டால் மின்சாரம் ஒன்றுமே இல்லை. இந்த இடத்தில் சித்தப்பா சொன்னது முழுக்கச் சரி. மூன்று மாதம், நாலு மாதம் கடலில் இருக்கப்போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

எங்கள் பயணத்துக்கு அது ஏன் பொருந்தவில்லை என்றால், அந்தச் சவ்வு ரொம்பக் கோபக்காரி. எண்ணெய் பட்டால் போச்சு. நீரிணையில் கப்பல்கள் வரிசையாகப் போகின்றன. லூமுட் துறையிலும் சேற்று நீர். அங்கே ஓட்டவே முடியாது. குழாய்த் தண்ணீரால் அலசினால் அதிலுள்ள குளோரின் சவ்வை அரிக்கும். நாலைந்து நாள் ஓட்டாமல் விட்டால் உள்ளே பாசி பிடிக்கும், மருந்து போட்டு வைக்க வேண்டும். கரையில் ஒன்பது மாதம் நிற்கும் படகுக்கு இது ஒரு பிள்ளை வளர்ப்பு. விலையோ பல்லாயிரம் வெள்ளி (ரிங்கிட்). அத்தனைக்குப் பிறகும், நடுக்கடலில் மெஷின் நின்றால் டேங்கில் இருப்பதுதான் தண்ணீர். எப்படிப் பார்த்தாலும் முழுத் தண்ணீரையும் ஏற்றித்தான் கிளம்ப வேண்டும்.

சரி, அப்படியானால் டேங்கை மட்டும் நம்பலாமா? அதுவும் கூடாது. 2012 நவம்பரில் மும்பையிலிருந்து தனி ஆளாகக் கிளம்பி, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013-ல் திரும்பிய இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமிக்கு, பயணத்தின் கடைசிக் கட்டத்தில் நல்ல தண்ணீரில் டீசல் கலந்துவிட்டது. அவர் தேர்ந்த மாலுமி, படகும் அதற்கென்றே கட்டியது. அவருக்கே அந்தக் கதி. ஒரே இடத்தில் வைத்த தண்ணீர் ஒரே நேரத்தில் கெடும். அதனால் இரண்டு டேங்குக்கும் நடுவிலுள்ள வால்வை மூடியே வைப்பது, ஒன்றை முடித்த பிறகே அடுத்தது. கூடவே 20 லிட்டர் கேன் ஆறு, வெள்ளை நிறத்தில். டீசல் கேன் மஞ்சள். இரவில் டார்ச் இல்லாமல் எடுத்தாலும் குழம்பாமல் இருக்கத் தண்ணீர்க் கேனின் கைப்பிடியில் கயிறு சுற்றியிருக்கிறோம். கேனை விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டால், படகை விட்டு இறங்க வேண்டி வந்தால் அதுவும் மிதக்கும். நல்ல தண்ணீர் கடல்நீரைவிட லேசு.

சித்தப்பாவுக்கு ஆறுதலாக, கையால் அழுத்தும் சின்ன பம்ப் ஒன்று அவசரப் பைக்குள் போகிறது. மணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் கொடுக்கும். கை வலிக்கும், உயிர் இருக்கும்.

மெஷினுக்கு எடுத்துவைத்த பணத்தை என்ன செய்வது என்பதில் கடைசியில் மூவரும் ஒத்துப்போனோம். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் பழசு. பத்து, பதினைந்து ஆண்டுக்கொரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம், எங்கள் படகு அதைத் தாண்டிவிட்டது. 1999-ல் லங்காவியிலிருந்து தனியாக உலகைச் சுற்றப் புறப்பட்ட அசார் மன்சோருக்கே நடுவழியில் பாய்மரம் முறிந்து, ஃபாக்லாந்து தீவுகளில் ஒதுங்கிச் சரிசெய்ய வேண்டி வந்தது. பாய்மரம் விழுந்தால் பத்து நாள் இருபதாகும். அப்போதுதான் தண்ணீர் பற்றாமல் போகும். கம்பிக்குப் போடும் காசு தண்ணீருக்குப் போடும் காசுதான் என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார்.

எங்கே வாங்குவது

லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் எல்லாவற்றையும் அங்கே வாங்கிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். வரியில்லாமல் லாபம் கிடைப்பது சாக்லேட்டிலும் மதுவிலும்தான். அரிசி, பருப்புக்கு அதனால் ஒன்றும் இல்லை. காய்கறி பெரும்பாலும் கரையிலிருந்து கப்பலேறித்தான் அங்கே போகிறது. படகு உதிரிப் பாகங்களுக்கு லங்காவி நல்லது, மரினாக்களும் பட்டறைகளும் இருக்கின்றன. இம்பெல்லர், டீசல் ஃபில்டர், கயிறு எல்லாம் அங்கே.

உலர்சாமான் எங்கள் டவுனில். இங்கே கடைக்காரனாக ஒரு வார்த்தை: அட்டைப்பெட்டியோடு படகில் ஏற்றாதீர்கள். கரப்பான் முட்டை அட்டையின் மடிப்புக்குள் இருக்கும். ஒரு தடவை ஏறிவிட்டால் காலிவரை அதுவும் பயணி. மூட்டையைக் கடையிலேயே பிரித்து, வெயிலில் காயவைத்து, இரண்டு கிலோ பொட்டலமாகக் காற்றுப் புகாமல் அடைக்கிறோம். ஒன்றில் வண்டு வந்தாலும் மற்றது பிழைக்கும். எடையெல்லாம் படகின் நடுவில், அடியில்.

காய்கறிக்கும் முட்டைக்கும் பேரங்காடியைவிடக் காலைச் சந்தையே மேல். ஒரு தடவை குளிரில் வைத்த காய் வெளியே வந்ததும் சீக்கிரம் அழுகும். குளிர்படாத கேமரன் மலை முட்டைக்கோஸ், வெட்டாமல் மேலிலையை மட்டும் உரித்து உரித்துச் சாப்பிட்டால் இரண்டு வாரம் தாங்கும். முழுப் பூசணி ஒரு மாதம் நிற்கும். தக்காளி பச்சையாக வாங்க வேண்டும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடக் கூடாது. முட்டையைக் கழுவாததாகப் பார்த்துப் பண்ணையிலிருந்தே இரண்டு தட்டு எடுத்து, எண்ணெய் தடவி, இரண்டு நாளுக்கொரு முறை திருப்பி வைத்தால் பயணம் முழுக்க வரும். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள், மிதப்பதைக் கடலுக்குக் கொடுத்துவிடலாம். பூசணி, உருளை, வெங்காயம் இங்கிருந்தே ஏறும். கோஸ், தக்காளி, எலுமிச்சை மட்டும் லங்காவியில், புறப்படுவதற்கு முதல் நாள். லூமுட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் 135 மைலில் அவற்றை வாடவிட வேண்டியதில்லை.

கேஸ் விஷயத்தில் பெரிய யோசனை இல்லை. வீட்டுச் சிலிண்டர் படகின் பெட்டிக்குள் நுழையாது. சின்னச் சிலிண்டர் இரண்டு, கூடவே பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஹாட்பாட் கடைக்காரர்கள் வைத்திருக்கும் கேன் அடுப்பு ஒன்று. கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் அடித்தட்டில் தேங்கி நிற்கும். கேன்கள் உள்பட எல்லாமே வெளியே, கடலுக்கு வடிகால் உள்ள பெட்டியில்தான்.

இன்னும் முடியாமல் இருப்பது தேங்காய். மட்டையோடு ஏற்றினால் மாதக்கணக்கில் கெடாது, அடைத்த தேங்காய்ப் பாலைவிட ருசி. அதனால் இருபது வேண்டும் என்கிறார் மச்சான். பாய் வைக்கும் அறையில் அவை உருண்டு இரவெல்லாம் இடிக்கும், தூங்க விடாது. எட்டு போதும், மிச்சத்துக்குப் பால்பொடி என்கிறேன் நான். சித்தப்பா வலைப்பை தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பையில் எத்தனை அடங்குகிறதோ அத்தனை ஏறும்.